மலேசியாவின் கேமரன் மலையில் வாங்கிய கள்ளி அடியில் அழுகுவது பற்றி

வணக்கம். வாரம் ஒருமுறைதான் தண்ணீர் ஊற்றுகிறேன், அப்படியும் கோலாலம்பூர் செராஸ் காண்டோ (அடுக்குமாடி வீடு) பால்கனியில் உருண்டைக் கள்ளி அடியில் கொழகொழவென்று ஆகிறது என்கிறீர்கள். தண்ணீரைவிட மண்தான் கோளாறாக இருக்கும். நர்சரிகளில் பெரும்பாலும் தேங்காய்நார்த் தூளில் வைத்து விற்பார்கள். அது ஈரத்தை விடாது. பாலைவனத்தில் ஆண்டு மழை 250 மி.மீ.க்குள். கோலாலம்பூரில் 2,400க்கு மேல். கேமரன் மலையின் குளிர்ந்த இரவும் இங்கே கிடையாது. புழுக்கத்தில் தொட்டி காய்வதே இல்லை.

செடியை எடுத்து வேரிலுள்ள நாரை உதறுங்கள். சுத்தமான கத்தியால், உள்சதையில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத இடம்வரை வெட்டுங்கள். ஒரு புள்ளி மிஞ்சினாலும் மறுபடி அழுகும். நிழலில் 10 நாள் காயட்டும். பிறகு 3 பங்கு பியூமிஸ் கல் (துளைகள் நிறைந்த லேசான எரிமலைக் கல்), 1 பங்கு மண் கலந்து, ஓட்டையுள்ள மண்தொட்டியில் நடுங்கள். அடித்தட்டு வேண்டாம். முதல் 2 வாரம் தண்ணீரே கூடாது. அக்டோபர், நவம்பர் சாயங்காலச் சாரல் எட்டாத, ஆனால் வெயில் விழும் மூலையாகப் பாருங்கள்.

அழுகல் பாதிக்கு மேல் ஏறியிருந்தால் தூக்கிப் போடுவதுதான். வெயில் குறைவான பால்கனி என்றால் ரிப்சாலிஸ் வாங்குங்கள். அதுவும் கள்ளிதான், ஆனால் மழைக்காட்டு மரக்கிளையில் தொங்கி வளர்வது.