மனம் சோர்ந்து கிடக்கும்போது அன்றாடம் என்ன செய்தால் தேறலாம்?

எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறது, சின்னச் சின்னப் பழக்கங்கள் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் உதவும். ஆனால் மனசு வரட்டும், பிறகு செய்யலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். சோர்வில் வேலையைத் தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போடுவதாலேயே சோர்வு கூடுகிறது. மனநிலை எப்படியிருந்தாலும் குறித்த நேரத்தில் ஒரு சிறு செயலைச் செய்ய வைத்து இந்தச் சுழலை அறுப்பது, மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சையிலேயே உள்ள முறைதான்.

செயல் மிகச் சிறியதாக இருக்கட்டும். 'வீட்டைச் சுத்தம் செய்யணும்' என்பது மலைப்பைத்தான் தரும். '8 மணிக்குப் போர்வையை மடித்து வைப்பேன்', அவ்வளவு போதும். அடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே 10 நிமிடம் நடங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படும்போது உடலின் உள்கடிகாரம் சீராகும், இரவில் தூக்கமும் நேரத்துக்கு வரும். தூக்கம் கெட்டால் மனமும் கெடும் என்பதால், ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

பிடித்தவர் ஒருவரிடம் தினமும் கொஞ்சம் பேசுங்கள். மது வேண்டாம், அது சோர்வை ஆழமாக்கும்.

2 வாரத்துக்கு மேலும் இப்படியே நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். அப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவர் துணையோடு மருத்துவமனைக்குப் போங்கள்.