அட்ஜங்க்ட் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்

வளர்ச்சி உளவியலில் பிஎச்டி முடிக்கப்போகிறேன், அமெரிக்காவிலேயே இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஆசை, ஒரு கல்லூரியில் ஒரே ஒரு பாடத்துக்கு அட்ஜங்க்டாக (பகுதிநேர ஒப்பந்த ஆசிரியராக) கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அனுபவத்துக்காக என்றால் போங்கள். விசாவுக்கு அதை நம்பாதீர்கள். ஓபிடியில் (படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை செய்யத் தரும் அனுமதி) வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் வேலை காட்ட வேண்டும். ஒரு பாடம் அதற்குப் போதாமல் போகலாம். ஐ-20 என்ற மாணவர் விசாப் படிவத்தில் உங்கள் பட்டத்தின் சிஐபி எண்ணை (பாடத்துறைக் குறியீடு) இன்றே பாருங்கள். வளர்ச்சி உளவியலுக்கான 42.2703 என்றிருந்தால் 24 மாத ஸ்டெம் நீட்டிப்புக்கு (அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கு ஓபிடியை நீட்டிக்கும் சலுகை) வழி உண்டு. பொது உளவியலுக்கான 42.0101 என்றிருந்தால் கிடையாது. எண் பொருந்தவில்லையென்றால் பட்டம் வாங்குவதற்கு முன்பே துறையிடம் பேசிவிடுங்கள்.

தேட வேண்டியது முழுநேரப் பணி. பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி வேலை விசாவின் குலுக்கல் கிடையாது, அது பெரிய நிம்மதி. கிரீன் கார்டு விஷயத்தில், வகுப்பறையில் கற்பிக்கும் பணிக்குத் தனிச் சலுகை இருக்கிறது: உங்களைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் பெர்ம் (கிரீன் கார்டுக்கு முதல் படியாக வேலை கொடுப்பவர் தரும் விண்ணப்பம்) தாக்கல் செய்தால், மறுபடி விளம்பரம் கொடுத்து ஆள் தேட வேண்டியதில்லை. சின்னக் கல்லூரிகளில் பலருக்கு இது தெரியாமல் தேதி தாண்டிவிடும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை நீளம் என்பதால் அந்தத் தாமதம் வலிக்கும். பெர்மை எப்போது தாக்கல் செய்வார்கள் என்று ஆஃபர் கையில் இருக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

சம்பளத்துக்கு முன் பாடச்சுமையைப் பாருங்கள். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் ஒரு செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்பது வழக்கம். கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட கல்லூரிகளில் நான்குவரை போகும். நான்கில் ஆராய்ச்சிக்குக் கோடைதான் மிச்சம்.

நேர்காணலில் மாதிரி வகுப்பு கேட்பார்கள். பலர் மாநாட்டு ஸ்லைடுகளையே கொண்டுபோய்ச் சொதப்புகிறார்கள். தேர்வுக் குழு பார்ப்பது மாணவர்கள் யோசிக்கிறார்களா என்பதைத்தான். ஒரு யோசனை: குழந்தை உளவியலாளர் பியாஜேயின் எண் மாறாமைச் சோதனை. அடுக்கு மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பது பிள்ளைக்குப் புரிகிறதா என்று பார்ப்பது அது. இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் காசுகளை அடுக்கி, ஒரு வரிசையை மட்டும் அகலமாக நகர்த்துங்கள். நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் 'எதில் அதிகம்?' என்று கேட்டால் நான்கு வயதுப் பிள்ளை என்ன சொல்லும் என்று மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். பிறகு மெக்காரிகல், டொனால்ட்சன் என்ற ஆய்வாளர்கள் 1974-இல் செய்ததைச் சொல்லுங்கள்: வரிசையைப் பெரியவர் நகர்த்தாமல் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை கலைப்பதுபோல் செய்தபோது, 'இரண்டும் சமம்' என்று சரியான பதில் சொன்ன பிள்ளைகள் அதிகம். ஏன் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பெரியவர் எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், 'முதல் பதில் தப்புபோல' என்று பிள்ளை நினைத்திருக்கலாம் என்பதை மாணவர்களே எட்டிவிடுவார்கள்.

இன்னொன்று. வளர்ச்சி உளவியல் பாடத்தில் குழந்தைப் பருவக் கொடுமை பற்றி வரும் வாரத்தில் யாராவது தன் கதையை எழுதித் தருவார்கள். ஆசிரியர் புகாரளித்தே ஆக வேண்டும் என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. அதைச் சிலபஸிலேயே போட்டு, முதல் வகுப்பில் வாயாலும் சொல்லிவிடுங்கள். மனநல ஆலோசகரிடம் பேசினால் பொதுவாக இரகசியம் காக்கப்படும் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.