பள்ளிக்காக நாடு மாறியவர்கள்: மென்னோனைட்டுகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மென்னோனைட்டுகள் என்றால் குதிரை வண்டிக்காரர்கள்தானே? அவர்களுக்கு எதற்குத் தனிப் பள்ளி?

பதில்: குதிரை வண்டியில் போகிறவர்கள் அவர்களில் ஒரு பகுதிதான். கார் ஓட்டுகிறவர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் எல்லாம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் பாதிரியாராக இருந்த மென்னோ சைமன்ஸின் பெயரால் வந்த கிறிஸ்தவக் கூட்டம் இது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்தபின் தானாகக் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை பிள்ளை யார் பேச்சைக் கேட்டு வளர்கிறது என்பது அவர்களுக்குப் பெரிய கவலை. அதனால்தான் பள்ளியைக் கைவிட மனம் வருவதில்லை.

கேள்வி: பள்ளிக்கூடத்துக்காக நாட்டையே விட்டுப் போனார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம். ரஷ்யாவிலிருந்து கனடாவின் மானிடோபாவில் குடியேற வந்தவர்களுக்கு, பிள்ளைகளை உங்கள் முறைப்படியே படிக்க வைக்கலாம் என்று 1873இல் ஒட்டாவா, அதாவது கனடாவின் மத்திய அரசு, எழுதிக் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், கனடாவில் கல்வி மாகாணங்களின் கையில். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒட்டாவாவுக்கு அதிகாரமே இல்லை! 1916இல் மானிடோபா பள்ளி வருகையைக் கட்டாயமாக்கி, ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. முதல் உலகப்போர் நேரம் வேறு. ஜெர்மன் பேசுகிறவர்கள், அதிலும் துப்பாக்கி தூக்க மாட்டோம் என்பவர்கள் மேல் அக்கம்பக்கத்தாருக்கு எரிச்சல். பெற்றோருக்கு அபராதம் விழுந்தது. 1922 முதல் மென்னோனைட்டுகளில் பழமையை விடாத பழைய காலனிப் பிரிவினர் ஆயிரக்கணக்கில் மெக்சிகோவுக்கு ரயிலேறினார்கள். பள்ளிச் சுதந்திரம் உண்டு என்று அதிபர் ஒப்ரெகோன் அதற்கு முந்தைய வருடமே உறுதி தந்திருந்தார்.

கேள்வி: அந்தப் பள்ளிகளில் என்னதான் சொல்லிக் கொடுப்பார்கள்?

பதில்: ஒரே அறை, ஒரு பக்கம் பையன்கள், மறு பக்கம் பெண் பிள்ளைகள். கையில் இருக்கும் புத்தகம்தான் வகுப்பு. முதலில் அரிச்சுவடி, அப்புறம் ஞானோபதேசம், அப்புறம் புதிய ஏற்பாடு, கடைசியில் முழு பைபிள். கணக்கும் உண்டு. வீட்டில் பேசுவது தாழ்ஜெர்மன் என்ற பேச்சு வழக்கு, புத்தகத்தில் இருப்பது உயர்ஜெர்மன் என்ற எழுத்து மொழி. அதனால் அர்த்தம் பிடிபடாமலே கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதோடு படிப்பு முடிந்துவிடும். அவர்களின் பிடிவாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஒப்பித்தலை மெச்ச முடியவில்லை.

கேள்வி: பிரம்படி பலமாக இருக்குமோ?

பதில்: எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் கிறிஸ்டோஃபர் டாக் என்றொரு வாத்தியார் இருந்தார். வாரத்தில் மூன்று நாள் ஸ்கிப்பாக் ஊர்ப் பள்ளி, மூன்று நாள் சால்ஃபோர்டு ஊர்ப் பள்ளி. இந்தப் பள்ளிப் பிள்ளைகளை அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லி, தானே தபால்காரராகக் கொண்டுபோய்க் கொடுப்பார். நன்றாகப் படித்தால் பரிசு, அவர் கையால் வரைந்த ஒரு பூவோ பறவையோ. அவர் 1750இல் எழுதிய பள்ளி நடத்தும் முறை 1770இல் அச்சானது. மாலையில் பிள்ளைகள் போனபின் அவர்களுக்காக மண்டியிட்டு ஜெபிப்பது அவர் வழக்கம். 1771இல் ஒரு நாள் வீடு திரும்பவில்லை. தேடிப்போனவர்கள் அவரை வகுப்பறையில் மண்டியிட்டபடியே இறந்திருக்கக் கண்டார்கள்.