ஆசியாடு தில்லிக்கு விட்டுச்சென்ற கட்டடம்

அன்புள்ள ஐயா,

பெய்ஜிங்கின் ‘பறவைக் கூடு’ அரங்கத்தின் படங்களை அண்மையில் பார்த்தேன். 1951-லும் 1982-லும் ஆசியாடு எனப்படும் ஆசிய விளையாட்டுகளை, 2010-இல் காமன்வெல்த் விளையாட்டுகளை நடத்திய தில்லியில், அதற்கு ஈடாகக் காட்ட ஒரு கட்டடமும் இல்லையே என்று வருந்தினேன். என் வருத்தம் நியாயம்தானா?

ஒரு வாசகி, மயூர் விஹார், தில்லி

அன்புள்ள வாசகிக்கு,

பாதி நியாயம். ஹெர்சாக், டி மியூரோன் ஆகியோரின் நிறுவனம் 2008 ஒலிம்பிக்குக்காக வடிவமைத்த அந்த அரங்கம் கண்ணைப் பறிப்பது உண்மை. ஆனால் அந்தச் சுள்ளியடுக்கு வந்த கதை வேடிக்கையானது. திட்டத்தில் முதலில் திறந்து மூடும் கூரை இருந்தது. அதைத் தாங்கும் உத்திரங்கள் துருத்திக்கொண்டு தெரியாதிருக்கவே குறுக்கும் நெடுக்குமாக எஃகுச் சட்டங்களைச் சேர்த்தார்கள். 2004-இல் கூரை கைவிடப்பட்டது. அதை மறைக்க வந்த சட்டங்களோ நிலைத்துப் புகழும் பெற்றுவிட்டன.

நம் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கத்துக்கு 2010-இல் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்கள் கம்பிவடங்களில் இழுத்துக் கட்டிய வெண்கூரை அமைத்தார்கள். தொலைக்காட்சியில் எடுப்பாக இருந்தது. நம் ஊர்த் திருவிழாப் பந்தலுக்குத் தூரத்து உறவு என்பதால் எனக்கும் அதன்மேல் பிரியம் உண்டு. ஆனால் அதன் கீழே இருப்பது 1982-இன் பழைய அரங்கமே.

நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியது சிரி கோட்டைப் பகுதியில் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் வடிவமைத்த ஆசிய விளையாட்டுக் கிராமத்தை. 1982-இல் வீரர்கள் தங்குவதற்காகவும், அவர்கள் சென்றபின் குடும்பங்கள் வாழ்வதற்காகவும், ஏறத்தாழ 700 வீடுகளை அவர் ஒரே கட்டடமாக உயர்த்தாமல், ஜெய்சல்மேர் போன்ற ராஜஸ்தானத்துப் பழைய ஊர்களின் தெருக்களை மனத்தில் கொண்டு, முற்றங்களும் மொட்டைமாடிகளும் குறுகிய சந்துகளுமாகப் பின்னினார். வாகனங்கள் வெளிவிளிம்போடு நின்றுவிடும், உள்ளே நடைதான். தெரு நேராக ஓடிவிடாமல் ஒரு வாயிலில் ஒடுங்கி, அடுத்த முற்றத்தில் விரிகிறது. எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றுக்கொன்று தரும் நிழலின் அருமை, மே மாதத்துத் தில்லியில் நடந்தவருக்குத் தெரியும். திண்ணைகள் மட்டும் இருந்திருந்தால் நான் ஊருக்கே திரும்பிவிட்டதாக நினைத்திருப்பேன்.

அதைப் புகழும்போது மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. ஆசியாடு கட்டுமானங்களில் உழைத்தவர்களுக்கு நாளொன்றுக்கு 9.25 ரூபாய் குறைந்தபட்சக் கூலி; அதில் 1 ரூபாயை, அவர்களை வேலைக்குச் சேர்த்துவிட்ட தரகர்களான ஜமேதார்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மக்கள் உரிமை அமைப்பு உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்கு எழுதிய கடிதமே வழக்காயிற்று. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1982 செப்டம்பரில், விளையாட்டுகள் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு, உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கூலிக்காரர்கள் எழுப்பியவற்றுள் இந்தக் கிராமமும் ஒன்று.

குளிர்காலத்து முற்பகலில் செல்லுங்கள். வாயிற்காவலரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம்.