நூறு தடவை பொய்த்தும் போகாத பயம்

வணக்கம் சார்,

உணர்ச்சிகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், பயம் என்பது நடக்கப்போவதாக மூளை முன்கூட்டியே போடும் கணக்கு என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்ததிலிருந்து ஒரு சந்தேகம். என் மேலதிகாரி 'கொஞ்சம் பேசணும், வர முடியுமா?' என்று மெசேஜ் அனுப்பினால் போதும், எனக்கு வயிறு கலங்கிவிடும். உள்ளங்கை வியர்க்கும். போன மாதம் செய்த வேலை வரைக்கும் எங்கே தப்பு என்று தேட ஆரம்பித்துவிடுவேன். முன்பு வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது இப்படித்தான் மெசேஜ் அனுப்பிக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் அந்த வேலையை விட்டே ஏழெட்டு வருடம் ஆகிறது. இப்போதிருக்கும் அதிகாரி தங்கமான மனுஷி. நூறு தடவையாவது கூப்பிட்டிருப்பார், ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. மூளை கணக்குப் போட்டுக் கற்றுக்கொள்கிறது என்றால், நூறு தடவை கணக்கு பொய்த்த பிறகும் என் மூளை ஏன் கற்றுக்கொள்ளவில்லை? இது என் சுபாவம், இப்படியே இருந்துவிட்டுப் போக வேண்டியதுதானா?

இன்னொன்று. பள்ளியில் படிக்கும் என் மகளுக்கும் பரீட்சைக்கு முன்னால் இதே வயிற்றுக் கலக்கம். 'பயப்படாதே' என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. வேறு என்ன சொல்லலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சுபாவமா என்று கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். சிலருக்குப் பிறவியிலேயே சட்டென்று பதறும் குணம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 'கொஞ்சம் பேசணும்' என்ற குறிப்பிட்ட ஒரு வரியைப் பார்த்து வயிறு கலங்குவதை யாரும் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை. அது கற்றது, எங்கே கற்றீர்கள் என்பதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். கற்றதை மாற்ற முடியும். சுலபமாக முடியும் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

சரி, அந்த நூறு தடவைக்கு வருவோம். நூறு தடவையும் கணக்கு பொய்த்தது என்கிறீர்கள். என் சந்தேகம், அந்த நூறில் பெரும்பாலானவை உங்கள் மூளையில் 'பொய்த்தது' என்று பதிவாகவே இல்லை என்பதுதான். இதை விளக்கக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்போம், இருக்காது, தரை முன்னாலேயே வந்து இடிக்கும், உடம்பு முழுக்கத் தூக்கிவாரிப் போடும். சமதரையில் கால் வைத்ததற்கு யாராவது பதறுவார்களா? தரை எங்கே வரும் என்று மூளை ஒவ்வொரு அடிக்கும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது, அது தவறும்போதுதான் அப்படி ஒன்று நடந்துகொண்டிருந்ததே நமக்குத் தெரிகிறது. கண்ணுக்கு வந்து சேருவது அரைகுறைத் தகவல்தான், மிச்சத்தை மூளை நமக்குத் தெரியாமலே ஊகித்து நிரப்புகிறது என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். சாரா-ஜேன் பிளேக்மோரும் அவருடைய சகாக்களும் 1998இல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தன் கையே தொடும்போது அது எப்படி இருக்கும் என்று மூளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, அதனால் தொடு உணர்வுப் பகுதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இதே வேலை உடம்புக்குள்ளேயும் நடக்கிறது. மெசேஜைப் பார்த்த மாத்திரத்தில் உங்கள் இதயத்துடிப்பு ஏறுகிறதே, அந்த நேரத்தில் அறைக்குள் எதுவும் நடந்துவிடவில்லை. நடக்கப்போகிறது என்று மூளை நம்பும் ஒன்றுக்காக உடம்பு முன்கூட்டியே தயாராகிறது. அந்தத் தயாரிப்பைத்தான் நீங்கள் உள்ளிருந்து பயமாக உணர்கிறீர்கள். உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், உடம்பின் நிலையையும் பழைய அனுபவத்தையும் வைத்து மூளை அந்தந்த நேரத்தில் கட்டியெழுப்புவதுதான் உணர்ச்சி, பயத்துக்கென்று பிறவியிலேயே வைத்த தனி நரம்புச் சுற்று எதுவும் மூளையில் இல்லை என்கிறார். நரம்பியல் ஆய்வாளர் ஜாக் பேங்க்செப் இதற்கு நேர் எதிர். பயம், கோபம், விளையாட்டு உட்பட ஏழு அடிப்படை உணர்ச்சி அமைப்புகள் பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் மூளையின் ஆழத்தில் இருக்கின்றன என்று கடைசிவரை வாதாடினார். பாரெட் சொல்வதில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்வேன், முழுவதையும் அல்ல. பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதி இரண்டு பக்கமும் சேதமான ஒரு பெண்ணைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பாம்பைக் கண்டும் பயப்படாதவர், 35 சதவிகிதம் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்ததும் பீதியில் துடித்துப்போனார். மூச்சு முட்டினால் பயப்பட யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை போலிருக்கிறது. உங்கள் பிரச்சினைக்கு இந்தச் சண்டை தீர வேண்டிய அவசியமில்லை, ஏனென்றால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதில் பெரும்பகுதி கற்றுக்கொள்வதே என்பதில் இரண்டு தரப்புக்கும் தகராறு கிடையாது.

அந்தக் கற்றல் எப்படி நடக்கிறது என்பதில்தான் உங்களுக்கான பதில் இருக்கிறது. 1972இல் ரெஸ்கார்லா, வாக்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சமன்பாடு எழுதினார்கள். கணக்கை விட்டுவிட்டுச் சாரத்தைச் சொன்னால், எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவுதான் கற்றல். வித்தியாசம் பூஜ்யம் என்றால் கற்றலும் பூஜ்யம். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களின் துடிப்பை அளந்தபோதும் இதுவே தெரிந்தது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு விளக்குக்குத் துள்ளின, சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்து சாறு வராமல் போனால், வந்திருக்க வேண்டிய அதே நொடியில் அவற்றின் துடிப்பு சரிந்தது. நல்லதோ கெட்டதோ, நடந்தது மட்டும் மூளைக்குப் பாடமாகிவிடாது. எதிர்பார்த்தபடி நடக்காமல் போக வேண்டும்.

இப்போது உங்கள் மேஜைக்கு வருவோம். இதில் சிலதை நான் ஊகிக்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். மெசேஜ் வருகிறது. பத்து நொடிக்குள் 'இதோ வரேன் மேடம்' போய்விடுகிறது. போவதற்குள் மூன்று ஃபைலைத் திறந்து பார்த்தாகிவிட்டது, எதைக் கேட்டால் எதைச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகையும் முடிந்தது. பக்கத்து சீட்காரரிடம் 'மேடம் எந்த மூட்ல இருக்காங்க?' என்று ஒரு விசாரிப்பு. யாரும் கேட்காத லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். கதவைத் திறந்ததும் அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், 'சாரி மேடம், அந்த ரிப்போர்ட் கொஞ்சம் லேட்டாயிடுச்சு.' அவர் கூப்பிட்டதோ அடுத்த வாரம் யார் யார் லீவு என்று கேட்க. வெளியே வந்து ஒரு பெருமூச்சு.

உங்கள் அறிவு இதை 'ஒன்றும் நடக்கவில்லை, சும்மா பயந்தேன்' என்று எழுதிக்கொள்ளும். மூளை போட்டுவைத்த கணக்கோ 'திட்டுவார்' என்பதல்ல. 'தயாராகாமல் போனால் திட்டுவார்' என்பது. தயாராகப் போனீர்கள், திட்டு விழவில்லை. கணக்கு எங்கே பொய்த்தது? அச்சுப் பிசகாமல் பலித்திருக்கிறது! போதாததற்கு அந்தப் பெருமூச்சின் நிம்மதி வேறு, இந்தச் சடங்குகளுக்கெல்லாம் கொடுத்த பரிசு மாதிரி. நூறு தடவையும் பயம் பொய்த்ததாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், மூளை நூறு தடவையும் 'முன்ஜாக்கிரதைதான் காப்பாற்றியது' என்று உறுதி செய்துகொண்டிருக்கிறது.

இது என் கற்பனை இல்லை. ஆஸ்திரேலியாவில் பீட்டர் லோவிபாண்டும் சகாக்களும் 2009இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். திரையில் குறிப்பிட்ட உருவம் வந்தால் லேசான மின்னதிர்ச்சி, ஒரு பட்டனை அழுத்தினால் அது வராது. பழகிய பிறகு மின்னதிர்ச்சியையே நிறுத்திவிட்டார்கள், யாரிடமும் சொல்லவில்லை. பட்டன் கையில் இல்லாதவர்கள், உருவம் வந்தும் ஷாக் வராததைப் பார்த்துப் பார்த்து, கொஞ்ச நேரத்தில் பயத்தை விட்டுவிட்டார்கள். பட்டன் இருந்தவர்களுக்கும் ஷாக் வரவே இல்லைதான், ஆனால் அவர்கள் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். பிறகு பட்டனை எடுத்துவிட்டுப் பார்த்தால் அவர்களுடைய எதிர்பார்ப்பு அப்படியே இருந்தது. சிகிச்சையாளர்கள் இதைப் பாதுகாப்பு நடத்தை என்பார்கள். உங்கள் லேப்டாப்பும் அந்த முந்திரிக்கொட்டை சாரியும்தான் உங்கள் பட்டன்கள்.

ஆகவே செய்ய வேண்டியது, மறுபடி மறுபடி உள்ளே போவதல்ல, அதைத்தான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள். பட்டனைக் கீழே வைத்துவிட்டுப் போவது. அதற்கு முன்னால் ஒரு காகிதத்தில், மெசேஜ் வந்ததும், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதைப் பட்டவர்த்தனமாக எழுதுங்கள். 'ஏதோ ஆகப்போகிறது' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் ஏதோ ஒன்று எப்போதும் ஆகும், அந்தக் கணக்கைப் பொய்யாக்கவே முடியாது. 'குரலை உயர்த்திப் பேசுவார்', 'எனக்குப் பதில் தெரியாவிட்டால் முகம் சுளிப்பார்', 'நாக்கு குழறி நின்றுவிடுவேன்' என்று, பார்த்துச் சரிபார்க்கக்கூடிய மாதிரி. எவ்வளவு நிச்சயம் என்று நூற்றுக்கு ஒரு மார்க்கும் போட்டுவிடுங்கள். அப்புறம் ஃபைலைத் திறக்காமல், யாரிடமும் மூட் விசாரிக்காமல், வெறுங்கையோடு போங்கள். அவர் பேசி முடிக்கும்வரை சாரி சொல்லாதீர்கள். கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் 'பார்த்துட்டுச் சொல்றேன்' என்று மட்டும் சொல்லுங்கள். திரும்பி வந்து காகிதத்தை எடுத்து, எழுதியது நடந்ததா என்று பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் கைவிட வேண்டாம், முதல் வாரம் லேப்டாப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனால்கூடப் போதும். அப்படிப் போகும் நாளில் பயம் கூடுதலாகத்தான் இருக்கும், அது நல்லதுதான். எதிர்பார்ப்பு பெரிதாக இருந்து அது நடக்காமல் போனால்தானே வித்தியாசம் பெரிதாகும்! பயத்தைத் தணித்துக்கொண்டு போவதைவிட எதிர்பார்ப்பைப் பொய்ப்பிப்பதுதான் முக்கியம் என்று மிஷெல் கிராஸ்க் போன்றவர்கள் இப்போது சிகிச்சையையே அப்படி வடிவமைக்கிறார்கள். கண்ணாடி முன் நின்று 'எனக்குப் பயமில்லை' என்று தினமும் சொல்லிக்கொள்ளச் சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் சொல்வதை விட்டுத்தள்ளுங்கள். வாதம் பண்ணி ஜெயிக்க முடியாத இடம் இது.

ஒரு எச்சரிக்கை. நன்றாக முன்னேறிக்கொண்டிருக்கும்போது, லீவு முடிந்து வந்த முதல் நாளோ, அதிகாரி மாறினாலோ, பழைய கலக்கம் அப்படியே திரும்பும். எல்லாம் வீண் என்று தோன்றும். வீண் இல்லை. மணி அடித்தால் உணவு வரும் என்று பழகிய நாய்க்கு, மணி அடித்தும் உணவு வராமலே போய்க்கொண்டிருந்தால் உமிழ்நீர் சுரப்பது நின்றுவிடும், ஆனால் சிறிது இடைவெளிக்குப் பிறகு மணி அடித்தால் மறுபடி சுரக்கும் என்று பாவ்லவே கவனித்திருக்கிறார். பழைய பாடம் அழிவதில்லை, அதன் மேல் 'இங்கே அப்படி இல்லை' என்று புதிய பாடம் ஒன்று சேர்கிறது. மார்க் பௌட்டன் பல ஆண்டுகளாக எலிகளை வைத்துக் காட்டியது இதைத்தான்: புதிய பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது, இடம் மாறினால் பழையது தலைதூக்குகிறது. அதனால் ஒரே அறையில், ஒரே மாதிரி வேளையில் மட்டும் பழகாதீர்கள். போனில், கூட்டத்தில், களைத்திருக்கும் மாலையில், வேறு அதிகாரியிடம் என்று கலந்து பழகுங்கள். 2000இல் கரீம் நாடெர் எலிகளின் பய நினைவை, அது நினைவுக்கு வந்த கையோடு மருந்து கொடுத்துக் குலைத்துக் காட்டியதை வைத்துக்கொண்டு 'பழைய பயத்தை அடியோடு அழிக்கலாம்' என்று விளம்பரம் செய்கிறவர்களும் உண்டு. மனிதர்களிடம் அது அவ்வளவு நம்பகமாக நடக்கவில்லை, பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

முந்தைய வேலையில் நடந்தது அடிக்கடி கனவில் வருகிறது, தூக்கம் கெடுகிறது, நெஞ்சை அடைக்கிற மாதிரி பீதி வருகிறது என்றால், காகிதத்தை வைத்துக்கொண்டு தனியாக மல்லுக்கட்ட வேண்டாம், ஒரு நல்ல மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். நான் சொன்னதெல்லாம் அதிகாரி உண்மையிலேயே நல்லவராக இருந்தால்தான் பொருந்தும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கத்துகிற அதிகாரியிடம் பயம் வந்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, மாற்ற வேண்டியது வேலையை.

மகளுக்கு 'பயப்படாதே' வேண்டாம். படபடக்கும் உடம்போடு இருக்கும் பிள்ளையிடம் அப்படிச் சொன்னால், படபடப்பதே தப்பு என்று இன்னொரு பயத்தைச் சேர்த்துக்கொடுக்கிறோம். 2010இல் ஜெரமி ஜேமிசனும் சகாக்களும் ஒரு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒரு பாதிப் பேரிடம், தேர்வு நேரப் படபடப்பு கெடுதல் செய்யாது, நன்றாக எழுதவே உதவலாம் என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் மாதிரித் தேர்விலும் பிறகு உண்மையான தேர்விலும் கணக்குப் பகுதியில் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். மொழிப் பகுதியில் வித்தியாசம் இல்லை, அதனால் இதை மந்திரமாக நினைக்க வேண்டாம். ஆனாலும் 'வயிறு கலங்குதா? உடம்பு ரெடியாகுது, அவ்வளவுதான்' என்று சொல்வது உண்மையும்கூட, சொல்வதற்குச் செலவும் இல்லை. கிளம்பும்போது 'எல்லாம் படிச்சுட்டியா, அந்தப் பாடத்தை இன்னொரு தடவை பார்த்தியா' என்று வாசல்வரை கேட்டுக்கொண்டே போகும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அதுதான் அவளுடைய பட்டன், அதையும் நிறுத்திவிடுங்கள். பரீட்சை முடிந்து வந்ததும் எவ்வளவு எழுதினாய் என்று கேட்பதற்கு முன்னால், காலையில் இருந்த வயிற்றுக் கலக்கம் எத்தனையாவது கேள்வியில் போனது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவளுக்கு ஞாபகம் இருக்காது.