ஐஸைக் கணக்குப் பார்க்காமல் மானியம் கேட்டால்

கேள்வி: எங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஐஸ் அறை ஒன்று இருக்கிறது. ஐஸ் திருகோணமலை ரவுனிலிருந்து லொறியில் வருகிறது. சோலார் பூட்டி நாங்களே ஐஸ் அடிக்கலாம், அரசாங்க மானியம் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்து நிற்கிறார். 5 கிலோவாட் போட்டால் நாளுக்கு ஒரு தொன் ஐஸ் வருமாம். ஃபைல் வேலைக்கு முன்பணம் 75,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா? சம்பூரில் அவ்வளவு பெரிய திட்டம் வருகிறது, கோயில் பள்ளிவாசலுக்கெல்லாம் சும்மா பூட்டிக் கொடுக்கிறார்கள். மீனவனுக்கு மட்டும் இல்லையா?
– சங்கச் செயலாளர் ஒருவர், குச்சவெளி

பதில்: கட்ட வேண்டாம். அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய ஐஸ் கணக்கு பிழை. அந்தக் கணக்கோடு போகும் விண்ணப்பம் முதல் வாசிப்பிலேயே விழும்.

பென்சிலை எடுங்கள். 30 பாகைச் சூட்டில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை -5 பாகை ஐஸாக்க ஏறத்தாழ 470 கிலோஜூல் சூட்டை அதிலிருந்து இழுக்க வேண்டும். ஒரு யூனிட் 3,600 கிலோஜூல், ஆகவே ஒரு தொன்னுக்கு அது 130 யூனிட். நல்ல கொம்பிரசர் ஒரு யூனிட் மின்சாரத்தில் இரண்டு யூனிட் சூட்டை வெளியே தள்ளும் என்று வைத்தாலும் 65 யூனிட் போகும். பம்பு, விசிறி, கசிவு எல்லாம் சேர 70-க்குக் கீழே வராது. நம் பக்க வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ஆகவே 5 கிலோவாட்டுக்கு 20 யூனிட், அதாவது 280 கிலோ ஐஸ். சொன்னதில் கால்வாசியை விடக் கொஞ்சம் கூட. உண்மையில் ஒரு தொன் வேண்டுமென்றால் 17, 18 கிலோவாட் வேண்டும். 580 வாட் பனல் என்றால் 31 பனல், கூரையில் 80 சதுர மீற்றர். உங்கள் ஐஸ் அறைக் கூரை அவ்வளவு இருக்கிறதா?

அது சரி, 5 கிலோவாட் என்ற இலக்கம் எங்கிருந்து வந்தது? எனக்குப் படுவது, நீங்கள் சொன்ன அந்தக் கோயில் திட்டத்திலிருந்துதான். 5,000 மதத் தலங்களுக்குத் தலா 5 கிலோவாட், மொத்தம் 25 மெகாவாட். இந்தியா 17 மில்லியன் டொலர் மானியமாகக் கொடுத்தது. அது மதத் தலங்களுக்கென்றே ஒதுக்கிய பணம், வேறு ஆள் அதில் நுழைய முடியாது. சம்பூர் மானியமே இல்லை. 2016-இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்ட பிறகு அங்கே முதற்கட்டம் 50 மெகாவாட்டும் அடுத்த கட்டம் 70 மெகாவாட்டும் சூரிய மின்சாரம் என்று முடிவானது. 2025 ஏப்ரலில் அதற்கு அடிக்கல் நட்டார்கள். மின்சார சபையும் இந்திய அரசின் மின் கம்பனியான என்.ரி.பி.சி.யும் சேர்ந்து போடும் முதலீடு அது, மின்சாரத்தை விற்று எடுப்பார்கள்.

நம் அரசாங்கம் இந்தத் துறையில் பெரும்பாலும் காசாகக் கொடுத்ததில்லை, விலையாகவும் கடனாகவும்தான் கொடுத்தது. 2016-இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது கூரை மின்சாரத்தின் யூனிட்டை முதல் 7 வருடம் 22 ரூபாய்க்கும் அடுத்த 13 வருடம் 15.50-க்கும் வாங்குவதாக ஒப்பந்தம் எழுதினார்கள். ஆசிய அபிவிருத்தி வங்கி 2017-இல் கூரைச் சோலாருக்குக் கொடுத்த 50 மில்லியன் டொலரும் வங்கிகள் வழியாக வந்த கடன். இதையும் 'அரசாங்க உதவி' என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. கேட்கிற முதல் கேள்வி 'திருப்பிக் கட்ட வேண்டுமா' என்பதாக இருக்கட்டும்.

சங்கம் தட்டக்கூடிய கதவுகள் வேறு. உலகளாவிய சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டம் 1994 முதல் இலங்கையில் இருக்கிறது, ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் நடத்துகிறது. தனி ஆளுக்கும் கம்பனிக்கும் கிடையாது, சமூக அமைப்புகளுக்குத்தான். பல ஆண்டுகளாக ஒரு திட்டத்துக்கு உச்சம் 50,000 டொலராக இருந்தது. பணம் தவணை தவணையாக வரும், முதல் தவணைக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது. ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு மானியம் இன்னொன்று. அங்கே மூன்று கொட்டேசன் கேட்பார்கள், சம்பளம், மின்கட்டணம் போன்ற ஓடும் செலவுக்கு ஒரு சதமும் தரமாட்டார்கள். இரண்டுக்குமே விண்ணப்பக் கட்டணம் இல்லை. இலாபத்தை உறுப்பினருக்குப் பங்கிடும் சங்கம் என்றால் கேள்வி வரும். ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் சேர்த்துக் கொண்டு போனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம்.

ஃபைலில் முதலாவதாக வைக்க வேண்டியது சோலார் கம்பனியின் கொட்டேசன் அல்ல, உங்கள் சொந்தக் கொப்பி. 30 நாளைக்கு எழுதுங்கள்: கரைக்கு வந்த மீன் எத்தனை கிலோ, இறக்கிய ஐஸ் எத்தனை கிலோ, மறுநாள் விடிய அறையில் மிஞ்சியது எத்தனை கிலோ. மீனுக்கும் ஐஸுக்கும் நிறை சமன் என்பதுதான் நம் சூட்டு ஊர்களுக்கான அளவு. உங்கள் கொப்பியில் மீன் 400 கிலோவும் ஐஸ் 900 கிலோவும் என்று வந்தால், உங்களுக்குக் குறைவது ஐஸ் இல்லை, அறையின் சுவர்.

இந்த இடத்தில்தான் சங்கங்கள் காசை விடுகின்றன. 50 மில்லிமீற்றர் ரெஜிபோம் வைத்த சுவரை 100 மில்லிமீற்றர் பொலியூரித்தேன் பலகையாக மாற்றினால் சுவர் வழியே உள்ளே வரும் சூடு மூன்றில் ஒன்றாகிவிடும். ரெஜிபோமுக்குள் தண்ணீர் ஊறியிருந்தால் வித்தியாசம் இதைவிடப் பெரிது. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் சும்மா உருவி வந்தால் குளிரும் அந்த வழியாகத்தான் போகிறது. சுவர், கதவு, அதற்குப் பிறகு சிறிய சோலார் என்று எழுதிய விண்ணப்பத்துக்கு மானியம் கொடுப்பவர் மதிப்புக் கொடுப்பார், ஏனென்றால் அவர் கொடுக்கும் ஒவ்வொரு டொலரும் கூடுதல் ஐஸாகத் தெரியும்.

அடுத்தது பற்றரி. வேண்டாம். பகலில் அடித்து வைத்த ஐஸ்தான் உங்கள் பற்றரி, அதற்கு உத்தரவாதச் சீட்டும் தேவையில்லை. ஆனால் மின்சார சபை இணைப்போடு பூட்டும் சாதாரண இன்வேட்டர், கரண்ட் போனால் வெயில் கொளுத்தினாலும் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்குக் கரண்ட் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 'சோலார் இருந்தும் ஐஸ் இல்லை' என்று உறுப்பினர் சத்தம் போடுவதற்கு முன்பே பொதுக்கூட்டத்தில் இதைச் சொல்லி வையுங்கள். கரண்ட் இல்லாமலும் ஓட வேண்டுமென்றால் மட்டும் ஹைபிரிட் இன்வேட்டரும் பெரும்பாலும் அதோடு ஒரு பற்றரியும் வேண்டும், கொம்பிரசர் மோட்டருக்கு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும். நேரடியாகப் போடும் மோட்டர் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப் போல் 5, 6 மடங்கு இழுக்கும். 5 கிலோவாட் இன்வேட்டரில் 3 குதிரைவலு மோட்டர்கூட அப்படித்தான் விழுத்தும். கொட்டேசன் வாங்க முன் மின்சார சபையின் பிராந்தியப் பொறியியலாளர் அலுவலகத்தில் உங்கள் ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இடமில்லை என்று பிறகு தெரிந்து, பனல் மாத்திரம் கூரையில் காய்வது பல ஊர்களில் நடக்கிறது.

கடற்கரை என்பதால் இன்னும் இரண்டு வரி கொட்டேசனில் ஏற வேண்டும். ஆணியும் போல்ற்றும் 316 தரத் துருப்பிடிக்காத இரும்பு, பனலுக்கு உப்புக் காற்றுச் சோதனைச் சான்றிதழ். அலுமினியச் சட்டத்தில் கல்வனைஸ் போல்ற் பூட்டினால் உப்புக் காற்றில் முதலில் போல்ற்றின் நாகப் பூச்சுப் போகும், பிறகு இரும்பு துருப்பிடித்து அலுமினியத்தையும் தின்னும். சில உற்பத்தியாளர் கடலிலிருந்து குறித்த தூரத்துக்குள் பூட்டினால் உத்தரவாதம் இல்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார், அதை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். 2020 டிசம்பரில் புரேவி சூறாவளி கரை ஏறியது உங்கள் வாசலில்தான். பனலைத் தாங்கும் சட்டம் அஸ்பெஸ்டஸ் சீற்றில் நிற்கக் கூடாது, சீற்றைத் துளைத்துக் கீழே உள்ள மரத்தில் இறங்க வேண்டும். கருவாடு காயும் இடத்துக்குப் பக்கத்தில் பனல் வேண்டாம். காக எச்சம் விழுந்தால் பனலின் அந்தக் கலம் சூடேறிக் கருகும்.

காகித வேலைக்கு ஆள் தேவையில்லை. சங்கப் பதிவுச் சான்றிதழ், கணக்காய்வு செய்த இரண்டு மூன்று வருடக் கணக்கு, பொதுக்கூட்டத் தீர்மானம், காணி உறுதி அல்லது பெர்மிட், பிரதேச செயலாளரின் சிபாரிசுக் கடிதம். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் புதிதாகக் கட்டடம் எழுப்புவதென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதியும். அறையின் பெறுமதி, உறுப்பினரின் கூலி இரண்டையும் சங்கத்தின் பங்காக ரூபாயில் எழுதுங்கள், 'நாங்களும் உதவுவோம்' என்ற வசனத்துக்குப் புள்ளி இல்லை. விற்கும் ஐஸில் கிலோவுக்கு எத்தனை ரூபாய் பராமரிப்புக் கணக்குக்குப் போகும், இன்வேட்டர் பத்தாம் வருடம் போனால் அதில் எவ்வளவு இருக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

முன்பணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், எந்த நிறுவனத்தின் எந்த மானியத்துக்கு என்று அதில் எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத மறுத்தால் அன்றைக்கே காசைத் திருப்பிக் கேளுங்கள்.