அங்கன்வாடியில் ஆராய என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

எம்.எட். படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு அங்கன்வாடி முன்பருவக் கல்வியை எடுக்க ஆசை. “மூணு வயசுப் பிள்ளைக்கு ஆராய்ச்சியா? விளையாட விட்டாப் போதும்” என்கிறார் மாமனார். கைடோ ப்ளஸ் டூ தேர்ச்சி விகிதத்தை எடுக்கச் சொல்கிறார். அங்கே இருப்பது ஆயாக்கள்தானே, ஆராய என்ன இருக்கிறது என்று எனக்கும் சந்தேகம். எதை எடுக்கட்டும்?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

மாமனாரை விடுங்கள், பெரியவர். கைடுக்கு நாற்காலியை விட்டு எழாமல் எண்கள் கிடைக்க வேண்டும், அவரையும் விடுங்கள். ‘ஆயாக்கள்தானே’ என்று நீங்கள் எழுதியதுதான் உறுத்துகிறது. ஆசிரியராகப் போகிற பெண் எழுதுகிற வார்த்தையா இது?

எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சரைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பாட்டு ஆரம்பிப்பார். இரண்டாவது வரிக்குள் கைக்குழந்தையோடு யாராவது வந்துவிடுவார்கள். எடை போட வேண்டும், சத்துமாவு கொடுத்துக் கணக்கெழுத வேண்டும், கர்ப்பிணிகள் விவரத்தைச் செல்போனில் ஏற்ற வேண்டும். பிள்ளைகள் தூக்கிய கையை இறக்காமல் அடுத்த வரிக்காகக் காத்திருப்பார்கள்.

இந்த நேரப் பஞ்சத்தைத்தான் கார்த்திக் முரளிதரனும் இன்னும் சில பொருளியலாளர்களும் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்தார்கள். 640 மையங்கள். குலுக்கல் போட்டு, பாதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் வேலைக்கு ஓர் ஆள் கூடுதலாகத் தரப்பட்டது. சொல்லிக்கொடுக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருடம் கழித்துச் சோதித்தபோது மொழியிலும் கணக்கிலும் அந்தப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். சரி, இது எதிர்பார்க்கக் கூடியதுதான். ஆனால் வளர்ச்சி குன்றியவர்களும் கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ளவர்களும்கூட அந்த மையங்களில் குறைந்திருந்தார்கள். வந்தவர் பாடம் நடத்தத்தான் வந்தார், சோறு போட அல்ல. அவர் வந்ததால் பழைய டீச்சருக்கு உடல்நலம், ஊட்டச்சத்து வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது. இதைத் திண்ணையில் உட்கார்ந்து யாராவது ஊகித்திருக்க முடியுமா? எண்ணிப் பார்த்ததால் தெரிந்தது. தெரிந்த பிறகும் எல்லா மையத்துக்கும் அந்த ஓர் ஆளைப் போடாமல் இருக்கிறோமே, அதற்கு எந்த ஆராய்ச்சியும் பொறுப்பாகாது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வையும் படியுங்கள். 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகள். அவர்களில் 58 பேருக்குத்தான் அந்தப் பாலர் வகுப்பு. அவர்களுடைய ஐ.க்யூ. முதலில் ஏறியது, எட்டு வயதுவாக்கில் அந்த முன்னிலை கரைந்துபோனது. நம் ஊராக இருந்தால் அன்றைக்கே ‘பயனில்லை’ என்று கோப்பை மூடியிருப்பார்கள். அவர்கள் விடாமல் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். வகுப்புக்குப் போனவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதிகம், சம்பாத்தியம் அதிகம், போலீசிடம் பிடிபட்டவர்கள் குறைவு.

உங்களுக்கு அவ்வளவு காலம் கிடையாது, தெரியும். ஒரே ஒரு மையத்துக்குப் போய் ஒரு வாரம் கடிகாரத்தோடு உட்காருங்கள். டீச்சருடைய நேரத்தில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது எத்தனை நிமிடம், பதிவேட்டுக்குப் போவது எத்தனை நிமிடம் என்று குறித்துவாருங்கள். குறித்ததை முதலில் அவரிடம் காட்டிவிட்டு அப்புறம் கைடிடம் கொண்டுபோங்கள். அவர் முகம் சுளித்தால் எனக்கு எழுதுங்கள்.